பின்கழுத்தில் படாத வெளிச்சம்

"ஏனுங்க சார், உங்க முதுகுல யாராச்சும் கை வெச்சாங்களா?"

ஆஸ்பத்திரியின் லைட் பெட்டியிலிருந்து வெளியே வந்த அரங்கசாமியின் முதுகைப் பார்த்துத்தான் நர்ஸ் சாஜிதா பேகம் அப்படிக் கேட்டாள். ஒரு மாதமாக வெளிச்சம் பட்டுப் பட்டு முதுகெல்லாம் கறுத்திருக்க, இடது தோளுக்குக் கீழே ஐந்து விரல்களும் ஒரு உள்ளங்கையும் பதிந்த இடம் மட்டும் வெளுப்பாக இருந்ததாம். அவருக்கு எங்கே தெரியும்? கழுத்து திரும்பினால்தானே!

சர்க்கரை வந்தால் சாப்பாடுதான் குறையும் என்று நினைத்திருந்த மனுசன். பதினைந்து வருடச் சர்க்கரை அவருடைய பின்கழுத்தையும் முதுகையும் பலகையாக்கிவிட்டது. பின்னால் வரும் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்க முடியாதவர் அவிநாசி ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவதாவது! மனைவி பங்காரம்மா போய்ச் சேர்ந்து நாலு வருடம். மகன் பெருந்துறையில். வண்டியும் இல்லையென்றால் பீளமேட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடக்க வேண்டியதுதான். அதற்குப் பயந்துதான், இறுகிய தோலை வெளிச்சம் இளக்கும் என்று டாக்டர் சொன்னபடி, வாரம் மூன்று மதியம், மாத்திரையை விழுங்கிவிட்டு, கறுப்புக் கண்ணாடியோடு அந்த ஆளுயரப் பெட்டிக்குள் நின்றார்.

"யாருங்க அம்மணி வெக்கப்போறாங்க? நான் ஒண்டிக்கட்டை. டாக்டர்கிட்டச் சொல்லிப்போடாதீங்க, வெளிச்சத்த நிறுத்திப்போடுவாரு."

அடுத்த வாரம் வலது தோளிலும் ஒரு கை. அதைப் பார்த்த சாஜிதா பெட்டிக் கதவைச் சீக்கிரம் சாத்தினாள்.

அன்றைக்குக் குழல் விளக்குகள் ரீங்கரிக்க, சூடேறிய தோலின் வாடை மூக்கில் ஏற, கண்ணாடிக்குள் எல்லாம் ஊதா இருட்டாக, வியர்வை முதுகில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்தச் சூட்டுக்கு நடுவே பின்கழுத்தில் ஜில்லென்று ஒன்று பட்டது.

உள்ளங்கை.

நாலு வருடமாக டாக்டரைத் தவிர யாரும் தொடாத உடம்பு. ஐயோ, பயத்தைவிட அழுகைதான் முதலில் வந்தது. கதவைத் தட்டினால் சாஜிதா திறந்துவிடுவாள். அவர் தட்டவில்லை.

"பங்காரு..."

கை மெல்லப் பிடித்துவிட்டது. இறுகிக் கிடந்த தோல் இளகியது. கழுத்து அசைந்தது. அசைந்தேவிட்டது!

பங்காரம்மாவின் கை சின்னது. இந்த விரல்கள் தொண்டை வரை சுற்றி வந்தன.

"சார், இன்னும் ரெண்டு நிமிசங்க" என்றாள் சாஜிதா வெளியிலிருந்து.

வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

கழுத்து திரும்பியது. தோள் வரை. வலிக்கவில்லை. தோளைத் தாண்டியும். வலிக்கவேயில்லை.

பின்னால் யாரும் இல்லை.

கீழே பார்த்தார். கால்விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய இரண்டு குதிகால்கள்.