மேசைக்குக் கீழே ஒரு முதல் மாணவி

மவுண்ட் ரோஸ்கில்லில் உள்ள புனித ரீத்தா பள்ளிக்கு அன்று ஐம்பதாவது பிறந்தநாள். பங்கு மக்கள் எல்லோரும் மண்டபத்தில் கூடியிருந்தார்கள்.

மேடையில் நாடகம் தொடங்க இருந்தது. பள்ளி தொடங்கிய கதை. அந்தக் காலத்தில் இங்கே வீடுகளை விட மாடுகள்தான் அதிகம். பூசைக்கு ஒரு மாதா கோவில்கூட இல்லை. ஒரே ஒரு மரக்கட்டடம் இருந்தது. கிழமை நாட்களில் அது பள்ளி. சனிக்கிழமை அப்பாமார் பிள்ளைகள் உட்காரும் வாங்குகளையும் மேசைகளையும் வெளியே தூக்கி வைப்பார்கள். ஞாயிறு காலையில் அதுவே கோவில்!

முதல் மாணவியாக நடிப்பவள் எமல்டா. போன வருடம்தான் மன்னாரிலிருந்து வந்த சிறுமி. முதல் ஆசிரியையான கன்னியாஸ்திரியாக அவள் தோழி மொரீன் நடித்தாள். மொரீனின் முக்காடு அடிக்கடி மூக்குவரை இறங்கியது.

"எமல்டா, சிரித்துக்கொண்டே ஓடிவந்து மொரீனிடம் பூங்கொத்தைக் கொடு. அவ்வளவுதான்" என்று திரைக்குப் பின்னால் சொன்னார் தலைமை ஆசிரியை சிஸ்டர் மோனிக்கா. "உண்மையான முதல் மாணவி முன்வரிசையில் இருக்கிறார். நன்றாக நடிக்க வேண்டும்!"

எமல்டா எட்டிப் பார்த்தாள். நரைத்த தலையோடு, நீலத் தொப்பி அணிந்து உட்கார்ந்திருந்தார் திருமதி மொலோய். எமல்டா சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

திரை விலகியது. முதலில் கன்றுக்குட்டி வர வேண்டும். கன்றுக்குட்டி வேறு யாருமில்லை, டவீட்டா என்ற சமோவாத் தீவுச் சிறுவன். பள்ளியில் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

டவீட்டா கூட்டத்தைப் பார்த்தான். அவன் வாய் கோணியது. மறு நொடி ஆசிரியையின் மேசைக்குக் கீழே பாய்ந்து, "ஓ"வென்று அழத் தொடங்கினான். பஞ்சு வால் மட்டும் வெளியே தெரிந்தது.

மொரீன் வசனத்தை மறந்து நின்றாள். "திரையை மூடுங்கள்!" என்று சிஸ்டர் மோனிக்கா மேடையோரத்திலிருந்து கிசுகிசுத்தார்.

திரையை மூடினால் டவீட்டா இன்னும் பயந்துவிடுவான். எமல்டா பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, மேடைக்கு ஓடி, மேசைக்குக் கீழே தவழ்ந்து போனாள்.

அவசரத்தில் அவளுக்கு ஆங்கிலம் வரவில்லை. "பயப்பிடாதை, தம்பி. நானும் முதல் நாள் அழுதனான். என்ரை கையைப் பிடி" என்றாள்.

டவீட்டா விக்கலோடு அவளைப் பார்த்தான். பிறகு அவள் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

மேசைக்குக் கீழிருந்தே எமல்டா தலையை நீட்டினாள். இப்போது ஆங்கிலம் வந்துவிட்டது. "சிஸ்டர், புதுப் பிள்ளைகள் வந்திருக்கிறோம். ஒரு பிள்ளை, ஒரு கன்று. வெளியே வரப் பயமாக இருக்கிறது!"

மொரீன் ஒரு கணம் யோசித்தாள். பிறகு முக்காட்டைத் தூக்கிவிட்டு முழங்காலில் உட்கார்ந்தாள். "அப்படியா? சரி, இன்றைக்கு வகுப்பு இங்கேதான்" என்று அவளும் மேசைக்குக் கீழே நுழைந்தாள்.

மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. திருமதி மொலோய் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதேதான்! இதேதான் நடந்தது!" என்று தொப்பியைக் கழற்றி ஆட்டினார். "நான் சிரித்துக்கொண்டே வந்ததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். எங்கே சிரித்தேன்? மதியம்வரை மேசைக்குக் கீழேதான் இருந்தேன். சிஸ்டர் பிஸ்கட்டோடு உள்ளே வந்து, அங்கேயே எனக்கு எழுத்துச் சொல்லித் தந்தார்!"

சிஸ்டர் மோனிக்காவும் சிரித்துவிட்டார். கைதட்டலுக்கு நடுவே மூவரும் வெளியே வந்தார்கள். டவீட்டா வாலை ஆட்டிக்கொண்டு மேடையை இரண்டுமுறை சுற்றி வந்தான். அவனை நிறுத்தத்தான் முடியவில்லை.

பிறகு எல்லோரும் கேக் சாப்பிட்டார்கள். எமல்டாவின் அப்பா அருளப்பு மெல்லக் கேட்டார். "பிள்ளை, மேசைக்குக் கீழை அவனோடை என்ன பாஷையிலை கதைச்சனி?"

"தமிழிலைதான், அப்பா."

"அவனுக்கு விளங்கிச்சுதோ?"

"ஓம் அப்பா. அதாலைதானே வெளியிலை வந்தவன்!"