பதினொரு வீடுகளும் பூட்டியிருந்தன

டீச்சர் அந்தத் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி மூன்று. மண்டையைப் பிளக்கிற வெயில். இருட்டே இல்லையே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. பட்டப்பகலில் நடந்ததால்தான் இதைச் சொல்ல எனக்கே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரே வரிசையில் பதினொரு வீடுகள். வெள்ளம் வடிந்து இரண்டு மாதமாகியும் சேற்று நாற்றம் போகவில்லை. ஒவ்வொரு சுவரிலும், ஓட்டுக்கு ஒரு சாண் கீழே, தண்ணீர் நின்ற தடம். ஒவ்வொரு கதவிலும் தாலுகா அலுவலகம் மாட்டிய புதுப் பூட்டு. ஒரு காக்கைகூட இல்லை.

டீச்சர் கையில் ஒரு படிவம் இருந்தது. வேலை என்னவோ சின்ன வேலைதான். "போய்ப் பாத்துட்டு, முன்னாடி எழுதினதையே திரும்ப எழுதிக் குடுத்துடுங்க டீச்சரம்மா. அந்தப் பொம்பளை மனு மேல மனு போட்டு உயிரை வாங்குறா. ஃபைலை மூடணும்" என்று அதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார்.

முன்னால் எழுதியது என்ன? அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

பள்ளிக்கூடத்து டீச்சர்களுக்கு வீட்டுக் கணக்கெடுக்கும் வேலையும் வரும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பேர் என்று எழுத வேண்டும். ஆள் இல்லாவிட்டால் 'வீடு பூட்டியிருந்தது'. மழை பிடித்துக்கொண்ட ஒரு நாளில், கடைசியாக மிச்சமிருந்தது இந்தத் தெரு. இங்கே இருந்தவர்கள் வீட்டுக்குள் வேறு பாஷை பேசுகிறவர்கள். நாலு தலைமுறைக்கு முன்னால் சூளை வேலைக்கு வந்த சனம். ஊரில் பாதி வீடு அவர்கள் சுட்ட கல்லில் எழும்பியதுதான். ஆனாலும் அவர்கள் வாசலை மிதிக்க ஒருத்தருக்கும் கால் வராது.

"அங்க போனா வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். சொல்ற பேரு வாயில நுழையாது, எழுதினா கையில நிக்காது" என்று கணக்கு வாத்தியார் சிரித்தார். "போன தடவை நான் டீக்கடையில உக்காந்தே அந்தத் தெருவை எண்ணி முடிச்சேன், தெரியுமா?"

டீச்சரும் சிரித்தாள்.

அன்றைக்கு அவள் தெருமுனையில் குடைக்குள் நின்றபடியே எழுதினாள். முதல் வரியில் 'வீடு பூட்டியிருந்தது'. அடுத்த பத்து வரிகளிலும் 'மேற்படி', 'மேற்படி'. பதினொரு கூரையிலும் அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. முதல் வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண் இவளைப் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க" என்று கைகாட்டினாள். டீச்சர் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் ஏரி உடைந்தது.

படகுகள் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் போயின. ஆள் இருக்கிற வீட்டுக்கு முதலில். பூட்டிய வீட்டுக்குப் பிறகு. சூளைப் பக்கம் வந்த ஒரு படகு, காகிதத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிற்று. உடல்களை வெள்ளம் ஒன்றுவிடாமல் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தப்பியது ஒருத்திதான். அன்றைக்கு டவுனுக்குப் போயிருந்த கல் சுமக்கிறவள். புருஷனும் இரண்டு பெண் பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஆனால் பட்டியல்படி வீடு பூட்டியிருந்ததே. பூட்டிய வீட்டில் யார் சாவார்கள்?

"உங்க ஊருக்குத் திரும்பிப் போயிருப்பாங்கம்மா" என்றார் அதிகாரி.

"எங்க ஊரு இதுதான் சார். வேற எந்த ஊரு?" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் குடுக்க வேணாம். இருந்தாங்க, செத்துட்டாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. போதும்."

அந்த ஒரு வரிதான் இப்போது டீச்சர் கையில் இருந்தது.

முதல் வீட்டின் முன் வந்து நின்றாள். பூட்டு தொங்கியது. எழுதிவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் அன்றைக்குத் தட்டாத கை, இன்றைக்குத் தானாகப் போய்த் தட்டியது.

"யாரு?"

டீச்சர் பூட்டைப் பார்த்தாள்; அது பூட்டியபடியே தொங்கியது.

"யாரு வெளிய? டீச்சரா?" பெண் குரல். மரியாதையான, கனிவான குரல். "ஐயோ, இந்த மழையில நிக்கிறீங்களே."

வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை.

வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், வாயில் பழகிய கேள்விதான் வந்தது.

"வீட்டுல... எத்தனை பேரு?"

"நாலு பேரு டீச்சர்." பெயரையும் வயதையும், எழுத நேரம் விட்டு விட்டு, நிதானமாகச் சொன்னது அந்தக் குரல். வாயில் நுழையாத பெயர் அதில் ஒன்றுகூட இல்லை.

டீச்சர் எழுதினாள்.

இரண்டாவது வீட்டில் ஒரு கிழவர். ஆறு பேர். முதல் வீட்டில் முகத்துக்கு நேராக வந்த குரல், இங்கே தலைக்கு மேலிருந்து வந்தது, பெஞ்சில் ஏறி நின்று பேசுகிற மாதிரி. மூன்றாவது வீட்டில் கதவின் மேல்சட்டத்துக்குப் பின்னாலிருந்து. உள்ளே தண்ணீர் சுவரில் மோதுகிற சத்தம். ஐந்தாவது வீட்டில் ஒரு குழந்தை கேட்டது.

"படகு சத்தம் கேட்டுச்சு டீச்சர். அப்புறம் போயிடுச்சு. திரும்பி வருமா?"

"வரும்டா."

அதுவும் பொய்.

எட்டு. ஒன்பது. பத்து.

குரல்கள் ஏறிக்கொண்டே போயின.

பதினோராவது வீட்டில் குரல் ஓட்டுக்கு அடியிலிருந்து வந்தது. ஓட்டில் நகங்கள் உரசின.

"மூணு பேரு டீச்சர்." ஆண் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கியது. "நாலாவது என் வீட்டுக்காரி. டவுனுக்குப் போயிருக்கா. வந்து தேடுவா. சீக்கிரம் எழுதிடுங்க."

பிறகு ஒரு 'மடக்'.

பிறகு ஒன்றுமில்லை.

அலுவலகத்தில் அதிகாரி படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் நிறைந்து பின்பக்கமும் நிறைந்திருந்தது. நாற்பத்து மூன்று பெயர்கள்.

"பூட்டின வீட்டுல யாரும்மா பதில் சொன்னா?"

"அவங்கதான் சார்."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சரி, மேல அனுப்பிடறேன். அனுப்பினா முதல்ல என்ன கேப்பாங்க? அன்னைக்குப் பூட்டியிருந்ததுன்னு எழுதினது யாருன்னு கேப்பாங்க. வேலையும் போகும், கேஸும் வரும். ஆறு வயசுல பொம்பளப் பிள்ளை வச்சிருக்கீங்க. யோசிங்க டீச்சரம்மா." புதுப் படிவம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

டீச்சர் வெகுநேரம் யோசித்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், கண்ணுகளா. தலைக்கு மேல் ஃபேன் பத்துச் சுற்றுச் சுற்றியிருக்காது.

வீடு பூட்டியிருந்தது. மேற்படி. மேற்படி. மேற்படி.

பெயர் எழுதிய காகிதத்தை அவளே கிழித்தாள். நாலாக, எட்டாக. கிழித்து முடித்தபோது விரல்களெல்லாம் நனைந்திருந்தன. வியர்வை என்று புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த கல் சுமக்கிறவள் எழுந்து நின்றாள்.

"எழுதிட்டீங்களா டீச்சர்?"

"எழுதிட்டேன்மா."

அவள் டீச்சரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். காய்த்துப் போன கைகள். "இத்தனை நாள்ல அந்தத் தெருவுக்குள்ள போய்க் கேட்டது நீங்க ஒருத்தர்தான். பிள்ளை குட்டியோட நல்லா இருங்க."

டீச்சரால் அந்தக் கையை உதறவும் முடியவில்லை, பிடித்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

பக்கத்து வீட்டில் விட்டிருந்த மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி. புருஷன் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. எல்லா விளக்குகளையும் போட்டாள். கூடத்தில் பாயை விரித்து, மகளை நடுவில் உட்காரவைத்துத் தட்டை முன்னால் வைத்தாள்.

மகள் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"ஏண்டி, சாப்பிடேன்."

பிள்ளை அம்மாவைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. வீட்டுக்குப் புது ஆட்கள் வந்தால் குழந்தைகளுக்கு ஒரு கூச்சம் வருமே, அதுதான்.

"அம்மா" என்று கிசுகிசுத்தாள். "இவங்கல்லாம் நின்னுட்டே இருக்காங்களே. உக்காரச் சொல்ல மாட்டியா?"

டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும் இல்லடி. சாப்பிடு."

பிள்ளை அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தட்டைத் தூக்கிக்கொண்டு, இடம் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

முதுகு சுவரில் போய் முட்டும்வரை, நகர்ந்துகொண்டே இருந்தாள்.