ரூஜ் வீட்டுப் பட்டுக்காரி

சிவபாதம் அந்தக் கல்வீட்டுக்குக் குடிவந்தது ஒரு நவம்பர் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கையில் இரண்டு சூட்கேஸ், கம்பளியில் சுற்றிய மனைவி குணவதியின் படம். அவ்வளவுதான் சொத்து.

ரூஜ் ஆற்றின் ஓரத்தில், புது வீடுகளெல்லாம் முடிகிற இடத்தில், பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தபடி நின்றது அந்த வீடு. யாரோ பண்ணை வைத்திருந்த வெள்ளைக்காரக் கமக்காரன் நூற்றைம்பது வருடத்துக்கு முன் கட்டியது. இப்போதைய சொந்தக்காரன் டெனிஸ்டன் அதை இடித்து நாலு வீடு கட்டக் காத்திருந்தான். பேர்மிற் வரவில்லை. குளிர்காலத்தில் ஆளில்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிடும் என்பதால், வாடகை வேண்டாம், ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தால் போதும் என்று அவரைக் கூட்டிவந்து விட்டான்.

மகள் நிலக்சி ஏஜாக்ஸில் இருக்கிற தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கெஞ்சினாள். மருமகன் வீட்டுச் சோபாவில் குந்தியிருந்து கோப்பி குடிக்கிற ஆள் தானில்லை என்று சொல்லிவிட்டார். வீம்புக்கு மருந்தில்லை. உண்மை என்னவென்றால், குணவதி போய் எட்டு மாதமாகியும் அவருக்கு மனிதர் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறம்ரனில் வெயர்ஹவுஸ் வேலை, வீடு, நித்திரை. நாட்கணக்காக வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்.

நாலாம் நாள் வேலையால் வந்து கதவைத் திறந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். காலையில் சிங்கில் போட்டுவிட்டுப் போன கோப்பைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. கதிரையில் எறிந்த சேட்டு மடித்திருந்தது. வந்துபோனாயா என்று மகளுக்குப் போன் எடுத்துக் கேட்டார். அவள் வரவில்லை.

அப்போது மேல்மாடிப் படியில் அந்தச் சத்தம் கேட்டது.

சர... சர...

பட்டு உரசுகிற சத்தம்.

சிவபாதம் படியடிக்கு ஓடினார். அவருக்குப் பயமில்லை. புருசன் இருக்கப் போன சுமங்கலி என்று குணவதியைக் கலியாணத்துச் சிவப்புக் கூறைச் சேலை உடுத்தித்தான் அனுப்பினார்கள். அந்தக் கூறையின் சரசரப்பை அவர் எங்கே கேட்டாலும் அறிவார்.

“வந்திட்டியோ?” என்றார், மெல்ல.

சத்தம் நின்றது. படியிலிருந்து ஒரு மணம் இறங்கியது. குணவதியின் சந்தன மணமில்லை. ஈரச் சாம்பலும் பழைய கல்லும் சேர்ந்த மணம். அதை அவர் கவனித்தார், கவனிக்காத மாதிரியும் இருந்துவிட்டார். தனித்துப்போன மனம் தனக்கு வேண்டியதைத்தான் நம்பும்.

அதன்பிறகு மனிதர் மாறிப்போனார். வெயர்ஹவுஸில் பகிடி விட்டார். வீட்டுக்கு ஓடோடி வந்தார். தனக்குத் தேத்தண்ணீர் போடும்போது இன்னொரு கோப்பையில் பாலும் ஊற்றி அடுப்படி மூலையில் வைத்தார். காலையில் பாலாடையை மட்டும் காணாது. குணவதி பாலாடையை வாழ்நாளில் தொட்டதில்லை. செத்தபிறகு வாய்ருசி மாறியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

பெப்ரவரியில் நிலக்சி வருகிறேன் என்றாள். அவளுக்கு ஏழு மாதம். வயிற்றுப்பிள்ளைக்காரி வருகிறாளே என்று வீட்டைக் கண்ணாடி மாதிரித் துடைத்து, ஒழுங்குபடுத்தி வைத்துவிட்டு மரக்கறி வாங்கப் போனார்.

திரும்பி வந்தபோது மாவும் சீனியும் நிலமெல்லாம் கொட்டிக்கிடந்தன. உடுப்புகள் படியெங்கும் இறைந்திருந்தன.

குணவதியின் படம் நிலத்தில் முகங்குப்புறக் கிடந்தது.

பதறி வெளியே ஓடியவரை எதிர்வீட்டு மார்கரெட் பிடித்து நிறுத்தினாள். எண்பது வயது, வடக்கு இங்கிலாந்திலிருந்து வந்த குடும்பம். சின்ன வயதில் அந்தக் கல்வீட்டிலேதான் விளையாடி வளர்ந்தவள். அவர் சொன்னதைக் கேட்டு அவள் அதிசயப்படவில்லை. வீட்டை ஒழுங்குபடுத்தி வைத்தாயா, அது பிழை என்றாள். அந்த வீட்டுப் பேயைத் தங்கள் ஊரில் ‘சில்க்கி’ என்பார்களாம். பட்டுச் சரசரக்க நடக்குமாம். கலைந்து கிடந்தால் அடுக்கும், அடுக்கிக் கிடந்தால் கலைக்கும். கப்பலேறி அந்தக் கமக்காரன் குடும்பத்தோடு வந்தது. குடும்பம் அழிந்தும் அது போகவில்லை. ஆளில்லாத வீட்டில் அதுவும் தனியத்தான் கிடந்தது.

“அப்ப அது என்ரை மனிசி இல்லையோ?” என்று சிவபாதம் தமிழிலேயே கேட்டார். மார்கரெட்டுக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் குணவதி அவருக்கு இரண்டாம்முறை செத்தாள். முதல்முறை அழ ஆட்கள் இருந்தார்கள்.

மகள் வந்ததும், உன்னோடு வருகிறேன், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன் என்றார். அவள் சந்தோசத்தில் அழுதாள். சனிக்கிழமை வந்து ஏற்றுவதாக முடிவாயிற்று. ஆனால் போகுமுன் அதை அனுப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குடும்பத்தோடு கப்பலேறினது தன்னோடும் வந்துவிடும். அதற்கும் மார்கரெட் வழி சொல்லியிருந்தாள். புது உடுப்பு ஒன்றை மூலையில் போட்டுவிடு, வேலைக்குக் கூலியாக எடுத்துக்கொண்டு போய்விடும், பிறகு திரும்பாது.

போட்டுவிடு என்றுதான் அவள் சொன்னாள். எங்கள் ஆட்களுக்குச் சும்மா போட்டுவிடத் தெரியுமா?

மூன்று மாதம் கோப்பை கழுவினவளுக்கு மரியாதையாகக் கொடுக்க வேண்டும் என்று மார்க்கம் றோட்டுக் கடையில் சிவப்புப் பட்டுச் சேலை எடுத்தார். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ வைத்து, நடுவே சேலையை வைத்து, வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு கையாலும் நீட்டி அடுப்படி மூலையில் வைத்தார்.

“பெரிய உபகாரம் செய்தாய், பிள்ளை. இதை ஏற்றுக்கொள்,” என்றார்.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டுவது என்பது இதுதான்.

சனி காலை தட்டம் வெறுமையாக இருந்தது. சத்தமில்லை, மணமில்லை. போய்விட்டது என்று சூட்கேஸ்களைக் கட்டினார். நிம்மதிதான். ஆனாலும் நெஞ்சில் என்னவோ காலியாக இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை, ஒரு பாட்டம் அழுதார்.

பதினொரு மணிக்கு அடுப்படிக்குப் போனபோது மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை. நிறையச் சோறு. ஆவி பறந்தது. போகிறவள் கடைசியாகச் செய்துவைத்த உபசாரம் என்று நினைத்தார். சோற்றைத் தட்டிவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கில்லை. கதிரையில் இருந்து பிசைந்து சாப்பிட்டார்.

கடைசிப் பிடியை வாயில் வைத்தபோது, முதுகுக்குப் பின்னால்.

சர... சர...

கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு விழுந்தது.

அகப்பையைப் பிடித்த கையைக் காணோம்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஊரில் அந்தக் காலத்தில் ஐயரும் ஓமமும் கட்டுப்படியாகாத குடும்பங்களில் கலியாணம் இரண்டே காரியத்தில் முடிந்துவிடும். ஆண் கூறை கொடுப்பான். பெண் தன் கையால் சோறு போடுவாள். அவன் சாப்பிட்டால் அவர்கள் புருசன் பெண்சாதி. அவருடைய தாய்தகப்பனே அப்படிக் கட்டினவர்கள்தான். குணவதியென்று நினைத்து மூன்று மாதம் அந்த மூலையோடு கதைத்த கதைகளில் இதையும் சொல்லியிருந்தார்.

வெளியே நிலக்சியின் ஹோர்ன் கேட்டது. சூட்கேஸ்களை இழுத்துக்கொண்டு ஓடினார். கதவைப் பூட்டினார், இரண்டுமுறை இழுத்துப் பார்த்தார். காருக்குள் ஏறி மகளுக்குப் பக்கத்தில் இருந்து பெல்ட்டைப் போட்டார்.

கார் டிங் டிங் என்று அடித்தது.

“பின் சீற்றாம் அப்பா. ஆரோ பெல்ட் போடேல்லையாம்,” என்று நிலக்சி சிரித்தாள். “சென்சர் weird ஆ நடக்குது. ஒருக்கா இறங்கிப் போட்டுவிடுங்கோவன்.”

இறங்கிப் பின்கதவைத் திறந்தார். வெறும் இருக்கை. ஈரச் சாம்பல் மணம். பெல்ட்டை இழுத்துக் கொழுவினார். சத்தம் நின்றது.

பெல்ட் இருக்கையோடு படியவில்லை. ஒரு ஆள் அகலத்துக்கு வளைந்து நின்றது.

சிவபாதம் மகளின் வயிற்றைப் பார்த்தார். அதன்மேல் அவள் வைத்திருந்த கையைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றிவிட்டு, தன் சூட்கேஸ்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பனியில் வைத்தார்.

“நான் வரேல்லைப் பிள்ளை. நீ போ.”

“என்னப்பா உது? அண்டைக்கு ஓம் எண்டனீங்கள்.”

“எனக்கு இஞ்சைதான் சரி. இனி நீ இஞ்சை வரவும் வேண்டாம்.”

அவள் அழுதாள், ஏசினாள், அப்பாவுக்கு எப்போதும் வீம்புதான் என்றாள். ஓம் என்றார். கார் மெல்ல நகர்ந்தது. டிங் என்ற சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டார். வரவில்லை. திருப்பத்தில் கார் மறைகிறவரை கையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

அவர் பூட்டிவிட்டு வந்த கதவு, உள்ளிருந்து மெதுவாகத் திறந்தது.