முந்நூறு பேருக்குச் சொன்ன கதை

மழை என்றால் அப்படியொரு மழை... கடல் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத கார்த்திகை மழை. நிலாவெளியிலிருந்து திருகோணமலைக்கு வந்த பஸ் உப்புவெளியைத் தாண்டுவதற்குள் எல்லா ஜன்னலையும் இழுத்துச் சாத்திவிட்டார்கள். உள்ளே ஈரக்குடைகளும் புழுக்கமும். ஓரத்து சீற்றில் இருந்த தயாளினிக்கு இது ஒன்றும் உறைக்கவில்லை. ஹோட்டல் வரவேற்பு மேசையில் பகல் முழுக்கச் சிரித்துக் களைத்த முகத்தோடு போனில் தட்டிக்கொண்டிருந்தாள்.

'அன்பான ஆதரவாளர்களே... நாவலின் கடைசி அத்தியாயம் ஏறக்குறைய முடிந்துவிட்டது...'

"போன மடலிலயும் ஏறக்குறையத்தானே முடிஞ்சது?"

பக்கத்திலிருந்து வந்தது குரல். திடுக்கிட்டுத் திரும்பினாள். நனைந்த தலைமயிர், எண்ணெய்க் கறை படிந்த நீலச் சட்டை... அதற்கு மேல் இரண்டு கண்கள். சிரிப்பை உதட்டுக்கு விடாமல் தாங்களே வைத்துக்கொண்ட கண்கள். கோபப்பட வேண்டும் என்ற நினைப்பு அவளுக்குச் சற்றுப் பிந்தித்தான் வந்தது.

"மற்றவையின்ட போனைப் பாக்கிறது நல்ல பழக்கமோ?"

"இல்லைத்தான். ஆனா அது எனக்கு வாற கடிதம். கொஞ்சம் முந்தி வாசிச்சுப்போட்டன்."

விஷயம் இதுதான். தயாளினியின் நாவலைப் போடப் பதிப்பகம் எதுவும் முன்வரவில்லை. ரொறன்ரோவிலும் பாரிஸிலும் மட்டக்களப்பிலும் இருந்த வாசகர்கள்தான், முந்நூறு பேருக்கு மேல், இணையத்தில் ஒன்றுகூடி முன்கூட்டியே உதவியிருந்தார்கள். அதற்கு நன்றியாக மாதம் ஒரு மடல், புத்தகம் எந்த அளவில் நிற்கிறது என்று. புத்தகம் நின்ற இடத்திலேயே நின்றது. மடல்தான் மாதம் தவறாமல் போனது. அந்த முந்நூறு பேரில் ஒருவன், இதோ, இடித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கிறான்... உலகத்தில் வேறு பஸ்ஸே கிடைக்கவில்லையா இவனுக்கு?

பெயர் துவாரகன். பெரிய கப்பல்களை இழுத்துவந்து துறைமுகத்துக்குள் விடும் டக் படகில் இயந்திரம் பார்ப்பவன். பஸ் நிலையத்தில் இறங்கியபோது அவள் குடை காற்றில் மடங்கிப் போனது. அவன் தன் குடையை அவள் கையில் திணித்துவிட்டு, புத்தகம் முடிகிற வரைக்கும் நோய்நொடி வரக்கூடாது என்று ஆதரவாளனாகக் கட்டளை போட்டு, மழைக்குள் நடந்து போய்விட்டான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தயாளினி தனியே சிரித்துக்கொண்டு போனாள். பைத்தியம் என்று யாரும் நினைத்திருந்தால் அவர்கள் மேல் பிழையில்லை.

குடையைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் சந்தித்தார்கள். கொடுக்க மறந்துவிட்டதால் இன்னொரு நாள். பிறகு சாட்டுச் சொல்லவே தேவைப்படவில்லை. உட்துறைமுக வீதியோரத்தில் ஒரு தேநீர்க்கடை, அவன் வேலை முடிந்து வரும் பின்னேரங்கள், வாழைப்பழத் தோலுக்காக வந்து நிற்கும் புள்ளிமான்கள். கடைசி அத்தியாயம் எங்கே என்று அவன் சீண்டுவான். உங்கள் டக் போகிற வேகத்தில்தான் என் நாவலும் போகும் என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். அவன் சிரிக்கும்போது மட்டும் அவள் கடலைப் பார்ப்பாள். அந்தக் கண்களை நேரே பார்த்தால் சொல்ல வந்தது மறந்துபோகிறதே... என்ன செய்வது?

ஒருநாள் அவன் சிரிக்கவில்லை. தேநீரைத் தள்ளிவைத்தான். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், கேட்டுவிட்டு என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்றான்.

"எனக்கு முந்தி ஒரு கலியாணம் பேசினவை. பிரியதர்சினி எண்டு பேர். பொன்னுருக்கும் முடிஞ்சது."

தாலிக்குப் பொன் உருக்கிவிட்டால் மாப்பிள்ளை வெளியில் அலையக்கூடாது, அதிலும் கடலில் காலே வைக்கக்கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம் அது.

"அண்டு பின்னேரமே நான் கடலுக்குப் போனனான். அவசரமாக் கூப்பிட்டவை எண்டு எல்லாருக்கும் சொன்னன். ஒருத்தரும் கூப்பிடேல்லை தயாளினி. எனக்கு அந்தக் கலியாணத்தில மனம் இருக்கேல்லை. வாய் திறந்து சொல்லத் துணிவும் இருக்கேல்லை. நான் கடலுக்குப் போனா பொம்பிளை வீட்டாரே நிப்பாட்டிப்போடுவினம் எண்டு தெரியும்... நிப்பாட்டினவை. ஊர் என்னைக் கடமைக்குப் போனவன் எண்டு விட்டுட்டுது. அவவைத்தான் ராசியில்லாதவ எண்டது."

பிரியதர்சினியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைக்கிறானாம். துணிவு வரவில்லையாம். அவளுக்கு முன்பே உங்களுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது என்றான். தயாளினி மேசையில் கிடந்த அவன் கையின் மேல் தன் கையை வைத்தாள்... முதல் தடவையாக. இருட்டும்வரைக்கும் எடுக்கவில்லை.

அந்த நிறைந்த மனத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள். மடலுக்கு நாளாகியிருந்தது. அத்தியாயமோ ஒரு வரியும் நகரவில்லை. வெறும் மடலை எப்படி அனுப்புவது? போன முறை பதில் எழுதியவர்களே சிலர்தான்... விரல் தானாக ஓடத் தொடங்கியது. 'எனக்குத் தெரிந்த ஒருவர்...' பெயரை எடுத்தாள். திருகோணமலையை மன்னாராக்கினாள். பொன்னுருக்கு இருந்தது, கடல் இருந்தது, யாரும் கூப்பிடாத அந்தப் பின்னேரம் இருந்தது. எழுதி முடித்தபோது அவள் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை நாளில் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. அனுப்பிவிட்டாள்.

பதில்கள் வந்து குவிந்தன. உருகிப்போனோம் என்றார்கள், கடைசி அத்தியாயமே இதுதானா என்று கேட்டார்கள். முந்நூறு பேரில் துவாரகனும் ஒருவன் என்பது அந்த நேரம் அவளுக்கு நினைவே வரவில்லை. இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள்? ஆனால் அதுதான் நடந்தது. மடல் எழுதும்போது அவளுக்கு ஆதரவாளர்கள் என்றொரு கூட்டம்தான் தெரியும், அதற்கு முகம் கிடையாது.

அவன் தேநீர்க்கடைக்கு வந்தான். உட்காரவில்லை. ரொறன்ரோவில் இருக்கும் ஆதரவாளர் ஒருவர் பிரியதர்சினியின் அண்ணி. பொன்னுருக்கையும் கடலையும் வாசித்ததுமே ஆளைக் கண்டுபிடித்து, மடலை அவளுக்கு அனுப்பியிருக்கிறார். பிரியதர்சினி துவாரகனுக்கு அழைத்து, இவ்வளவு காலமும் என் ராசியைத்தானே நான் நொந்துகொண்டிருந்தேன் என்று அழுதாளாம். இதை அவன் சொல்லும்போது குரல் உயரவேயில்லை.

அப்போதே காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை அவள். எழுத்தாளர் என்ற ரோஷம் முன்னால் வந்து நின்றது.

"நான் பேர் போடேல்லைத்தானே? ஊரையும் மாத்தித்தானே எழுதினனான்?"

அவன் அவளைப் பார்த்தான். முதல் நாள் பஸ்ஸில் சிரித்த அதே கண்கள்... அதில் இப்போது ஒன்றுமே இல்லை. ஓம், நல்லா எழுதியிருந்தீங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அதன் பிறகு அழைப்பும் இல்லை, பதிலும் இல்லை. முதல் வாரம் அவளுக்குக் கோபம் இருந்தது. கோபம் வடிந்ததும் மிஞ்சியது வெட்கம். ஐயோ, என்ன செய்தேன் நான்... என்னை நம்பித்தானே சொன்னான்? ஒரு பின்னேரம் கடைசியாக முடிவெடுத்து உட்கார்ந்து எழுதினாள். 'அன்பான ஆதரவாளர்களே, ஒருவருடைய துயரத்தை உங்களுக்கு விருந்தாக்கிவிட்டேன், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்...' நன்றாகத்தான் வந்தது. கண்ணீர் வரவழைக்கும் எழுத்து. அனுப்பும் பொத்தானுக்குப் போன விரல் அங்கேயே நின்றது. மன்னிப்பையும் முந்நூறு பேருக்குத்தானா சொல்லப் போகிறாள்?

அழித்தாள். 'புத்தகம் முடியவில்லை. ஏறக்குறைய என்று எழுதியதெல்லாம் பொய். காத்திருக்க விருப்பமில்லாதவர்களின் பணத்தைத் திருப்பித் தருகிறேன்' என்று மட்டும் எழுதி அனுப்பினாள். அதில் அவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு பஸ் ஏறினாள்.

வேலை விட்டு ஆட்கள் வெளியே வரும் துறைமுக வாசலில், தூறலுக்குள் நின்றாள். துவாரகன் அவளைக் கண்டதும் நடை தளர்ந்தான். கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு மதிலோரம் ஒதுங்கினான். பிரியதர்சினியின் வீட்டுக்குப் போய் அவளிடமும் தாய் தகப்பனிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னான். தகப்பன் வாசலிலேயே நிறுத்திவைத்துப் பேசினாராம். பிழையில்லை, அது எனக்கு வேண்டியதுதான் என்றான்.

"துவாரகன்... நான் செய்தது பிழை. பேர் போடேல்லை எண்டு சொன்னது அதைவிடப் பெரிய பிழை. எனக்கு உங்களில விருப்பம். அந்த பஸ்ஸில இருந்தே விருப்பம். இதை இண்டைக்குத்தான் சொல்லுறன், உங்களுக்கு மட்டும்தான் சொல்லுறன்."

மழை சற்றே பலத்தது. இரண்டு பேரிடமும் குடை இல்லை.

"அந்தக் கதையை உங்களுக்கு ஏன் சொன்னனான் எண்டு யோசிச்சனீங்களோ?"

அவள் தலையை அசைத்தாள், இல்லையென்று.

"அடுத்த நாள் உங்கட வீட்ட வந்து பொம்பிளை கேக்கிறதா இருந்தனான். அம்மாவிட்டயும் சொல்லிப்போட்டன். கேக்க முதல் என்னைப் பற்றி எல்லாம் உங்களுக்குத் தெரியவேணும் எண்டு நினைச்சன்... விடிய எழும்பிப் பாத்தா, மடல் வந்து கிடக்குது."

தயாளினி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து அழுகை வெடித்தது. அவன் கை அவள் தோள் வரைக்கும் வந்தது... தொடாமல் திரும்பிப் போனது.

"விருப்பம் இப்பவும் அப்பிடியேதான் கிடக்குது, தயாளினி," என்றான். "நம்பத்தான் ஏலாமக் கிடக்குது."