காலையில் மட்டும் மூடாத துப்பாக்கி

"காலையில மட்டும்தான் மூட மாட்டேங்குது அக்கா. பத்து மணியானா ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலை செய்யுது."

பிரவீனா இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். போர்ட் பிளேரின் ஷாதிபூரில் சிசிலியாவின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. சிசிலியா துணை ராணுவப் படையில் இருபத்தாறு வருடம் ஆயுதங்களைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவள். அவளிடம் வந்தவர்கள் பெரும்பாலும் இயந்திரத்தில் தொடங்கி மனிதர்களில் முடிப்பார்கள். அதுவரை அவள் குறுக்கே பேசுவதில்லை.

"துப்பாக்கி மேல ஓடுற ஸ்லைடைப் பின்னால இழுத்து விட்டா முன்னால ஓடி வந்து மூடணும். அரை விரல் தூரத்துல நின்னுடுது. கட்டைவிரலால தள்ளினா போகுது. ஞாயித்துக்கிழமை சென்னைக்குக் கப்பல். போட்டிக்குப் போறது ஒரே ஆள்தான். நாளைக்குள்ள சரியாகலேன்னா சித்ராவை அனுப்பிடுவேன்னு கோச் சொல்லிட்டாரு."

"சித்ரா யாரு?"

"சங்கத்துல துப்பாக்கி ஸ்டோர் பாக்குற நல்லதம்பி அண்ணனோட பொண்ணு."

கதவோரம் நின்றிருந்த சுரேந்திரன் கைதட்டினான். பக்கத்து வீட்டில் குடியிருந்து ஆட்டோ ஓட்டுபவன், நாற்பத்தைந்து வயது, குற்றம் எங்கே நடந்தாலும் மீட்டர் போடாமல் வருவான். "கேஸ் கதம்! சாவி அப்பன் கையில, சீட்டு மகளுக்கு. வேற என்ன வேணும் அக்கா?"

"அவரு இல்ல," என்றாள் பிரவீனா. "எங்கம்மா."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அவளால் நிமிர முடியவில்லை. அம்மா பிரிஸ்கில்லா, மகள் பயிற்சி எடுக்கும் அதே துப்பாக்கி சுடும் சங்கத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். போர்ட் பிளேரில் பிறந்தவள், ஹேவ்லாக் தீவைத் தாண்டிப் போனதில்லை. ஒன்பது வருடத்துக்கு முன் படகு எஞ்சினுக்குச் சாமான் வாங்க மெயின்லேண்டுக்குப் போன கணவன் திரும்பி வரவில்லை. மகளும் போகப் போகிறாள் என்றதும், மூன்று மாதமாக ஒரே வீட்டில் பேச்சில்லை. சோறு மட்டும் அம்மா மூடி வைத்திருப்பாள்.

"அன்னைக்கு வாசல்ல நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாங்க அக்கா. 'நீ எப்படிப் போறேன்னு பாக்குறேன்'னு."

சிசிலியா தேநீரை அவள் பக்கம் நகர்த்தினாள். "துப்பாக்கியில வேற ஏதாவது பாத்தியா?"

"மேல கொஞ்சம் வெள்ளையா பூத்திருக்கும். உப்புக்காத்துதானே, துடைச்சிடுவேன்."

அன்றைக்கே, புதன்கிழமை மத்தியானம், கராச்சர்மாவைத் தாண்டியிருந்த சங்கத்துக்கு ஆட்டோவில் போனார்கள். வெளியே வெயில் கொதித்தது. ஸ்டோரில் நல்லதம்பி கழுத்தில் மஃப்ளருடன் உட்கார்ந்திருந்தார்.

"துரு புடிக்குதுன்னு போன மாசம் புது ஏசி போட்டானுங்க. பதினெட்டுக்கு மேல வைக்கக் கூடாதாம். நாளெல்லாம் நடுங்குறேன். பகல்ல துப்பாக்கியெல்லாம் வெளியில இருக்கு, குளிருறது எனக்கு மட்டும்தான்."

சிசிலியா ரேஞ்சு மேசையில் பிரவீனாவின் துப்பாக்கியைக் கழற்றிப் பார்த்தாள். ஸ்பிரிங்கில் குறையில்லை. ஸ்லைடு ஓடும் பள்ளங்களில் கீறலும் இல்லை, மணலும் இல்லை. மூக்கருகே கொண்டுபோனாள். இயந்திர எண்ணெயின் வாசனைக்கு அடியில் வீட்டு வாசனை ஒன்று இருந்தது. எதையும் துடைக்காமல் மறுபடி பொருத்திப் பிரவீனாவிடம் கொடுத்தாள்.

"சாயங்காலம் இது எங்க இருக்கும்?" ஸ்டோருக்குத் திரும்பி நல்லதம்பியிடம் கேட்டாள்.

"அஞ்சு மணிக்குப் பாப்பா தட்டுல வச்சிட்டுப் போகும். நான் முகம் கழுவிட்டு வந்து அலமாரியில வச்சுப் பூட்டுவேன். அஞ்சு நிமிஷம்தான். பிரிஸ்கில்லா தரை தொடைச்சுக்கிட்டு இருப்பா."

சுரேந்திரன் கண்ணாலேயே கைவிலங்கு மாட்டினான். சிசிலியாவோ, வீட்டுக்கென்று கடையில் வாங்கியிருந்த ஒரு பாட்டிலைத் தன் கைப்பையிலிருந்து எடுத்து ஸ்டோர் அலமாரியில் வைத்தாள்.

"இது ராத்திரி இங்கயே இருக்கட்டும் அண்ணே. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

திரும்பும் வழியில் அவளுக்குத் தன் அம்மாவின் நினைவு வந்தது. படையில் சேர்ந்த வருடம், தூத்துக்குடி வீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அம்மா அவளை வழியனுப்ப எழுந்து வரவில்லை. அந்த முதுகைக் கோபம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தாள். இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள அம்மா இல்லை.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு எல்லோரும் ஸ்டோரில் நின்றார்கள். பிரிஸ்கில்லா துடைப்பத்தோடு உள்ளே வந்து, மகளைக் கண்டு, சுவரோரமாக ஒதுங்கினாள்.

"பிரிஸ்கில்லா, அந்த அலமாரியில என் எண்ணெய் இருக்கு. தலைக்குக் கொஞ்சம் ஊத்தும்மா, காயுது," என்றாள் சிசிலியா.

பிரிஸ்கில்லா பாட்டிலை எடுத்தாள். கவிழ்த்தாள். குலுக்கினாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அய்யோ, ஏமாத்திட்டான் அக்கா! தேங்காண்ணெய்னு மெழுகை ஊத்தி வித்திருக்கான். எந்தக் கடை? வாங்க, போய்க் கேப்போம்."

நல்லதம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அரே, குளிர்ல உறைஞ்சிருக்கு தாயி! சிலோன்ல எங்க மலையில மார்கழி மாசம் வெயில்ல வச்சாத்தான் எண்ணெயே இறங்கும்."

"எண்ணெய் உறையுமா?" பிரிஸ்கில்லா அவரைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

சிசிலியா இரும்பு அலமாரியைத் திறக்கச் சொன்னாள். துப்பாக்கியின் ஸ்லைடு மேல் வெள்ளையாக ஏதோ இருந்தது. பிரவீனா பழக்கத்தில் துணியை எடுத்தாள். சிசிலியா அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்குத் துடைக்காத. பாரு."

கட்டைவிரல் அகலத்தில் ஒரு சிலுவை.

"உப்பு இப்படிப் பூக்காது," என்றாள் சிசிலியா. "இது தேங்காண்ணெய். தினம் சாயங்காலம் யாரோ விரலால மேல போட்டிருக்காங்க. அது வழிஞ்சு ஸ்லைடு ஓடுற பள்ளத்துல இறங்கியிருக்கு. ராத்திரி ஏசியில உறையுது. இந்தச் சின்னத் துப்பாக்கிக்கு ஸ்பிரிங் ரொம்ப மெலிசு, அந்தத் தடையே போதும். வெயில் ஏறினதும் உருகிடும், குறையும் காணாமப் போயிடும்."

"அப்ப நல்லதம்பி அண்ணன்!" என்றான் சுரேந்திரன். "உறையும்னு தெரிஞ்சவர் அவருதானே?"

"டேய், ஒன் ஆட்டோவுல இனி ஏறுனா ஏன்னு கேளு!" என்றார் நல்லதம்பி.

"தெரிஞ்சவர்தான். அதனாலதான் அவரு இல்ல. உறைஞ்சா வெள்ளையாத் தெரியும்னு தெரிஞ்ச ஆளு, கெடுக்க நினைச்சா கண்ணுக்குத் தெரியாம உள்ள விட்டிருப்பாரு. மேல அடையாளம் போட்டு வைப்பாரா? இது, காஞ்சதும் யாருக்கும் தெரியாதுன்னு நம்பின கை. குளிரையே பாக்காத கை." சிசிலியா பிரவீனாவிடம் திரும்பினாள். "கெடுக்கணும்னா எது கெடுக்கும்னு தெரிஞ்சிருக்கணும். உங்கம்மாவுக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது. நீயே பாத்தே."

பிரிஸ்கில்லா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து விரலளவு பிளாஸ்டிக் குப்பியை எடுத்தாள். "வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெய். போன திருவிழாவுக்குப் போனவங்க கொண்டாந்தது. நான் போனதில்ல." குரல் இறங்கியது. "ஆனா அக்கா சொல்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல. முத நாள் நீ தோக்கணும்னு சொல்லித்தான் சிலுவை போட்டேன்."

பிரவீனா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அப்புறம்?" என்றாள் பிரவீனா. மூன்று மாதத்தில் அம்மாவிடம் அவள் பேசிய முதல் சொல்.

"அப்புறம் தோக்கணும்னு சொல்ல வாய் வரல. ஜெயிக்கணும்னு சொல்லவும் வரல. ஒண்ணும் சொல்லாம வெறும் சிலுவையைப் போட்டுட்டுப் போயிடுவேன்."

சிசிலியா சுரேந்திரனின் தோளைத் தொட்டு வெளியே தள்ளினாள். இனி அங்கே துப்பறிய எதுவுமில்லை. துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்து பூட்ட அவளுக்குக் கால்மணி நேரம் ஆனது. ஸ்லைடை இழுத்து விட்டபோது தடங்கலில்லாமல் முன்னால் ஓடி மூடியது.

பிரவீனா அதை வாங்கிக்கொண்டு சுடும் மேடைக்கு நடந்தாள். பாதி வழியில் நின்றாள். "அங்கயே நின்னா எப்படி? வாம்மா."

நாலு வருடமாக அந்த இடத்தைக் கூட்டியவள், மகள் சுடுவதை ஒருநாளும் பார்த்ததில்லை. வெடிச்சத்தம் கேட்டதும் பின்கட்டுக்குப் போய்விடுவாள். பிரவீனா அவளைப் பின்பெஞ்சில் உட்காரவைத்து, கூந்தலை ஒதுக்கி, காதடைப்பானை மாட்டிவிட்டாள்.

ஐந்து முறை சுட்டாள். ஐந்து முறையும் ஸ்லைடு சரியாக மூடியது. இலக்கு அட்டை கம்பியில் ஓடி வந்தது. அதை எடுத்து அம்மாவின் முன் நீட்டினாள். கருவட்டத்துக்குள் ஐந்து ஓட்டைகள், ஒன்றையொன்று தொட்டபடி.

"எப்படி?"

காது அடைத்திருந்ததால் பிரிஸ்கில்லா சங்கமே கேட்கும்படி கத்தினாள்: "அதை எங்க பாத்தேன்! நான் உன்னையில்ல பாத்துக்கிட்டிருந்தேன்!"