எலக்ட்ரானுக்கும் எடை உண்டு

"மின்னூட்டம் ஏத்தினா பொருளோட எடை மாறாது... மாறாது..." அர்ஜென்டினாவின் துக்குமான் பல்கலைக்கழகத் தேர்வறைக்கு வெளியே, கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தாள் யனினா.

"மாறும்."

திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தாள். பக்கத்தில் ஒருவன். கையில் மாத்தே தேநீர்க் குவளை, மழையில் நனைந்த முடி, ராத்திரியெல்லாம் தூங்காத கண்கள்... பரீட்சை நேரத்தில் ஒருத்தனுக்கு இவ்வளவு அழகான கண்கள் ஆகுமா?

"எதிர்மின்னூட்டம் ஏறுதுன்னா எலக்ட்ரான் உள்ள வருது. அதுக்கும் எடை இருக்குங்க. என்ன... எந்தத் தராசும் காட்டாது."

"உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"கேக்கல. ஒரு வாய் மாத்தே குடிங்க. ஒரே வரியை நூறு தடவை சொல்லிட்டீங்க."

"என் வாய்! நூறு தடவை சொன்னா உங்களுக்கென்ன?"

சொல்லமாட்டாளா பின்னே? பட்டத்துக்கு இந்தப் பாடம் ஒன்றுதான் பாக்கி. ஏற்கெனவே கோட்டை விட்ட பாடம். இதுதான் கடைசி வாய்ப்பு. அம்மாவும் அக்காவும் வாசலில் முட்டையும் மாவுமாக நிற்கிறார்கள், பாஸானதும் தலையில் கொட்டிக் கொண்டாட. தோற்றால் அந்த முட்டைகளை எந்த முகத்தோடு வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போவது?

உள்ளே, வாய்மொழித் தேர்வுக்குத் தலைப்பு எடுக்கும் குலுக்கல் கூண்டு சுழன்றது. அவள் எடுத்த பந்துக்கு வந்தது நிலைமின்னியல்.

"கம்பளியில தேய்ச்ச பலூன், எதிர்மின்னூட்டம் ஏறியிருக்கு. எடை என்னம்மா ஆகும்?" என்றார் பேராசிரியை.

'மாறாது' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்தத் திமிர் பிடித்தவன் சொன்னதையா சொல்வது? யோசித்தாள்... ஐயோ, அவன் சொன்னதுதானே சரி!

"கூடும் மேடம். எலக்ட்ரான் வந்து சேருதே... கொஞ்சமே கொஞ்சம்."

பாஸ்!

"அடுத்து, லிசாந்த்ரோ!" தலையைக் குனிந்தபடி அவளைக் கடந்து உள்ளே போனான் அவன்.

வாசலில் முட்டை வழிந்தது, மாவு அப்பியது, அம்மா அழுதாள். "கிளம்புடி, வீட்ல சுட்டு வச்ச எம்பனாதா ஆறிடும்!" என்று அக்கா இழுத்தாள்.

"நீங்க போங்க. நான் வரேன்."

மழையில் நின்றாள். கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள். தன் பரீட்சைக்குக்கூட இப்படித் தவிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து அவன் வந்தான். அவனுக்காக வாசலில் ஒருவரும் இல்லை.

"ஃபெயில். காந்தவியல் வந்துச்சு... வார்த்தையே வரல." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "இனி மார்ச் பரீட்சைலதான்."

"உள்ள நான் சொன்னது உங்க பதில். என் பதிலைச் சொல்லியிருந்தா நானும் இப்படித்தான் வந்திருப்பேன்."

"இதைச் சொல்லவா மழையில நிக்கறீங்க?"

"இல்ல..." சொல்லாமல் போனால் இவனை இனி எங்கே தேடுவது? "மார்ச்ல நீ வா, லிசாந்த்ரோ. பாஸானாலும் ஆகலைன்னாலும் வெளியில நான் நிப்பேன். எனக்கு... உன்னைப் பிடிச்சிருக்கு."