ஆறு அண்டா வெந்நீர்

காலை 9.10. முகாம் ஆபீஸ் பீரோவின் பூட்டு உடையவில்லை. கோப்பு உள்ளேதான் இருந்தது. கர்னல் எழுதிய பாலத்து உத்தரவுத் தாளை மட்டும் காணவில்லை.

பத்து மணிக்கு விசாரணை. வெள்ளத்தன்று சார்ஜெண்ட் பாலக்காவலை விட்டு ஓடிவிட்டான் என்பது குற்றச்சாட்டு. ஓடினானாம்! மாலை ஐந்துக்கு ஊர்ஜனம் வந்து சேர்ந்தபோது பாலம் ஆட்டம் கண்டது. இருநூறு பேரையும் மேல்துறைக்கு நடத்தி, படகேற்றி, அக்கரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தான். ஒரு உயிர் போகவில்லை. பாலமும் கர்னலின் இரண்டு லாரியும்தான் போயின. லாரிக்கு மேலிடத்தில் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதனால் சார்ஜெண்ட் கையில் விலங்கு.

"எத்தனை சாவி?" விசாரிக்க வந்த பெண் அதிகாரி கேட்டார்.

"ரெண்டு மேடம். என்னுது நேத்தே உங்ககிட்ட குடுத்துட்டேன்" என்றார் கிளார்க். "இன்னொண்ணு கர்னல்கிட்ட."

"அது என் மேஜை மேலயே கிடக்கும்" என்று கர்னல் சீறினார். "அவன் ஆளுங்கதான் திருடியிருப்பானுங்க. தாள்ல ஒரே வரி. பாலத்தை விடாதே. எதுக்குன்னு நான் எழுதவும் இல்ல, சொல்லவும் இல்ல."

"சொன்னீங்கன்னு அவங்க சொல்றாங்களே?"

"கூட்டுக் களவாணிப் பசங்க!"

9.35. அதிகாரி, வெளியே போகும் சாமானை எழுதிவைக்கும் கேட் நோட்டைப் புரட்டிவிட்டுச் சமையற்கட்டுக்குப் போனார். சமையல்காரர் குண்டு மாமா அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். முகாமில் எண்பது பேர். இரண்டு அண்டா போதும்.

"அன்னிக்கு மூணு மணிக்கு ஆறு அண்டா வெந்நீர் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கே. யார் உத்தரவு?"

"எவனும் சொல்லலம்மா. ரெண்டு மணிக்குக் கர்னல் எல்லாரையும் நிக்க வெச்சு, 'இருட்டுறதுக்குள்ள ஜனம் இருநூறும் அந்தப் பள்ளிக்கூடத்துல உசுரோட இருக்கணும், பாலம் அதுக்குத்தான்'னாரு. நனைஞ்சு வர்றவங்களுக்குச் சூடா வேணாமா? அதையும் ஒருத்தன் வந்து சொல்லணுமா?"

10.00. விசாரணை அறை.

"தாள்ல ஒரு வரிதான்னா அது சார்ஜெண்டை மாட்டிவிடும், அவன் ஆளுங்க திருடலாம்" என்றார் அதிகாரி. "எதுக்குன்னும் எழுதியிருந்தா அது அவனைக் காப்பாத்தும், அப்ப திருட வேண்டியவர் வேற. பாலம் ஆடினது அஞ்சு மணிக்கு. மூணு மணிக்கே ஜனம் எங்க வரும், எத்தனை பேருன்னு அடுப்படிக்குத் தெரிஞ்சிருக்கு. கர்னல் சொல்லாம அது எப்படி? வாயால சொன்னதை இல்லன்னவர், எழுதினதை விட்டுவைப்பாரா? தாளை எடுங்க, கர்னல்."

கர்னல் மேஜையைக் குத்தினார். "ஒரு சமையல்காரனுக்கு என்னய்யா தெரியும் ராணுவ உத்தரவைப் பத்தி?"

வாசலில் நின்ற மாமா கரித்துணியைத் தரையில் வீசினார்.

"புரியணும்னுதானே சார் சொன்னீங்க? எனக்குப் புரிஞ்சுது, அண்டாவைத் தூக்கினேன். அவனுக்குப் புரிஞ்சுது, ஜனத்தைத் தூக்கினான். முதல்ல அந்த விலங்கைக் கழட்டச் சொல்லுங்க!"